மாஸ்டர் ஓடிய சுற்று

போடிநாயக்கனூர் கூடைப்பந்து கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. பயிற்சி முடிந்ததும் ஒருத்தி கோட்டில் தனியாக நின்று ஃப்ரீ த்ரோ போட வேண்டும். தவறவிட்டால் அவள் ஓட வேண்டியதில்லை. மற்றவர்கள் எல்லாரும் மைதானத்தை ஒரு சுற்று ஓடிவிட்டு வர வேண்டும். அவர்கள் வந்து சேரும்வரை அவள் அடுத்த பந்தைப் போடக் கூடாது. அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் தர்மர் மாஸ்டர். முழங்காலில் ஆபரேஷன் ஆனதோடு ஆட்டத்தை விட்டுவிட்டு, பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி பேச்சில் அவ்வளவு சிக்கனம்.

கிளப்பில் ஆடிவந்த முத்துப்பேச்சிக்கு அந்த வழக்கம் அடியோடு பிடிக்காது. மூச்சு வாங்க ஓடிவருகிறவர்களின் முகத்தைப் பார்க்க முடியாது. ஒருநாள் கேட்டே விட்டாள்.

"தப்புப் பண்றது நானு. அவளுக எதுக்கு மாஸ்டர் ஓடணும்? என்னைய ஓடச் சொல்லுங்க."

மாஸ்டர் பந்தை அவள் பக்கம் உருட்டிவிட்டார்.

"அடுத்ததப் போடு."

பிளஸ் டூ முடிந்தது. மதுரையில் ஒரு கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டில் பெண்களை எடுக்கிறது என்று தகவல் வந்தது. எடுத்துக்கொண்டால் படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் கல்லூரியின் பொறுப்பு. எடுக்காவிட்டால் என்ன என்பதை அண்ணன் பஸ் ஏற்றிவிடும்போதே சொல்லிவிட்டான்.

"கெடச்சாப் படி. கெடைக்கலன்னா திங்கக்கிழமையில இருந்து அம்மாகூட ஸ்டோருல ஏலக்காய் பொறுக்கப் போயிரணும். அழுது அடம்பிடிக்கக் கூடாது."

"சரிண்ணே" என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்? மாஸ்டர் பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு வந்தார்.

மதுரையில் வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கெங்கிருந்தோ வந்த பெண்களை இரண்டு அணியாகப் பிரித்து ஆடவிட்டார்கள். பெயருக்குத்தான் அணி. பந்து கிடைத்தவள் விட மாட்டேன் என்றாள். ஐந்து பேரும் ஐந்து ஊர். பக்கத்தில் ஆள் காலியாக நின்றாலும் மூன்று பேரை இடித்துக்கொண்டு தானே போட்டாள். முத்துப்பேச்சி கையைத் தூக்கித் தூக்கி ஓய்ந்துபோனாள்.

இடைவேளையில் மாஸ்டரிடம் ஓடினாள்.

"ஒருத்தியும் பாஸ் குடுக்க மாட்டேங்கிறா மாஸ்டர். நான் என்ன பண்ணட்டும்?"

"தண்ணி குடி."

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த மனுஷனை நம்பி வந்தேனே என்று நினைத்தாள். ஆனாலும் தண்ணீரைக் குடித்தாள்.

இரண்டாவது பாதியில் கீழே விழுந்த பந்துகளைப் பொறுக்கிப் பொறுக்கியே சில கூடைகள் போட்டாள். ஆட்டம் முடிந்ததும் பெயர்களைப் படித்தார்கள். ஓர் இடம்தான் மிச்சம். அதற்கு இரண்டு பேர் சமமாக நின்றார்கள். ஒருத்தி முத்துப்பேச்சி. இன்னொருத்தி நாகர்கோவில் ஆன்சி.

கல்லூரிக் கோச் ஷீலா மேடம் பந்தை எடுத்து நீட்டினார்.

"ஆளுக்கு அஞ்சு ஃப்ரீ த்ரோ. அதிகமாப் போடுறவங்களுக்கு சீட்."

ஆன்சி மூன்று போட்டாள்.

முத்துப்பேச்சி கோட்டில் போய் நின்றாள். பந்தைத் தட்டினாள். ஏலக்காய் ஸ்டோரின் வாடை மூக்குக்கு வந்துவிட்டது. போட்டாள். பந்து வளையத்தில் பட்டுத் தெறித்து வெளியே ஓடியது.

இனி நான்கும் விழ வேண்டும். ஒன்று குறைந்தாலும் சீட் நிச்சயமில்லை.

யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். மாஸ்டர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தார். ஒரு காலை ஊன்றி, மறு காலை இழுத்து இழுத்து ஓடினார். கல்லூரி மைதானமோ போடி மைதானத்தைப் போல இரண்டு மடங்கு.

"என்ன சார், வேண்டுதலா?" என்று வாட்ச்மேன் கத்தினார்.

ஷீலா மேடம் அடுத்த பந்தை வீசினார். முத்துப்பேச்சி பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"போடும்மா."

அவள் போடவில்லை.

"ஏம்மா, காது கேக்குதா? நேரமாகுது."

"கொஞ்சம் பொறுங்க மேடம்."

"எதுக்குப் பொறுக்கணும்? போடலன்னா அந்தப் பொண்ணை எடுத்துட்டுப் போயிட்டே இருப்பேன்."

முத்துப்பேச்சி திரும்பிப் பார்த்தாள். மாஸ்டர் இன்னும் தூரத்து மூலையைக்கூடத் தாண்டவில்லை.

"எங்க டீம் ஓடிக்கிட்டு இருக்கு மேடம். வந்ததும் போட்டுர்றேன்."

ஷீலா மேடம் அவளைப் பார்த்தார். பிறகு மைதானத்தைப் பார்த்தார். கையிலிருந்த விசிலை வாய்க்குக் கொண்டுபோனவர் ஊதாமல் இறக்கிவிட்டார்.

சிரிப்புச் சத்தம் அடங்கிவிட்டது. மாஸ்டர் ஓரிடத்தில் நின்று முழங்காலைப் பிடித்துக்கொண்டார். முத்துப்பேச்சிக்குக் கண் நிறைந்தது. வேண்டாம், வந்துருங்க என்று கத்தத் தோன்றியது. கத்தவில்லை. அவர் மறுபடி கிளம்பினார். கடைசியில் செருப்புக் கிடந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

இரண்டாவது பந்து விழுந்தது. மூன்றாவதும் நான்காவதும் விழுந்தன. கடைசிப் பந்து வளையத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே இறங்கியது.

ஷீலா மேடம் அவள் பெயரைப் பட்டியலில் எழுதிக்கொண்டார். ஆன்சி வந்து கை கொடுத்துவிட்டுப் போனாள். முத்துப்பேச்சி மாஸ்டரிடம் நடந்தாள். அவர் வேப்பமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். முழங்கால் பன் மாதிரி வீங்கியிருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தப்புப் பண்ணது நானு. நீங்க எதுக்கு மாஸ்டர் ஓடுனீங்க?"

அவர் பாட்டிலை மூடி அவளிடம் கொடுத்தார்.

"மத்த பிள்ளைக போடியில இருக்குதுக ஆத்தா. இங்க நான் ஒருத்தன்தான இருந்தேன்."