மந்தியின் முகத்தில் காய்ந்த நுரை

அந்தக் காலத்தில், மிருகங்களெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டும், பேசிய பிறகு ஏன் பேசினோம் என்று விழித்துக்கொண்டும் இருந்த காலத்தில், மந்திகளுக்கு முகம் முழுக்க முடி இருந்தது. நெற்றி, மூக்கு, கன்னம், மோவாய் என்று எதையும் விட்டுவைக்காத முடி. ஆணோ பெண்ணோ, எட்டு நாளுக்கு ஒரு முறை சவரம் செய்துகொண்டே ஆகவேண்டும். செய்தால் உள்ளே வழவழவென்று கறுத்த முகம் தெரியும். இரண்டு மாதம் விட்டுவிட்டாலோ, எதிரே வருவது முகமா முதுகா என்று சொந்தக்காரர்களுக்கே சந்தேகம் வந்துவிடும்.

சவரக் கடை வைத்திருந்தது ஒரு நண்டு. ஆற்றங்கரையில், நீர்மருது மரத்தடியில் கடை. பிறக்கும்போதே இரண்டு கையிலும் கத்தி இருந்ததால் வேறு தொழில் அதற்குத் தோன்றவே இல்லை. கை சுத்தம், வேலை சுத்தம். ஆனால் நேராக நடக்க வராது. எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் போகவேண்டுமென்றால்கூட ஒரு சுற்று சுற்றித்தான் போகும். போய்ச் சேர்வதற்குள் யாரை நினைத்துப் புறப்பட்டோம் என்பது மறந்துபோகும். போதாததற்கு, ஒரு கண் வாடிக்கையாளரைப் பார்த்தால் இன்னொரு கண் ஆற்றைப் பார்க்கும்.

சோப்பையும் நண்டே காய்ச்சியது. தேங்காய் எண்ணெயோடு மரச்சாம்பல் கரைத்த தெளிநீரைச் சேர்த்துக் கிண்டி, கெட்டியானதும் விரல் பருமன் மூங்கில் குழாயில் ஊற்றி ஆறவைக்கும். பின்னாலிருந்து தள்ளினால் வெள்ளைக் குச்சியாக வெளியே வரும். சவர சோப்பு ஏன் குச்சியாக இருக்கிறது என்பதற்கு இதுதான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். அது வேறு கதை. அதையும் இதோடு தொடங்கினால் நானே குழம்பிவிடுவேன்.

மயிலிடமும் சோப்பு இருந்தது. வாசனைச் சோப்பு, அழகான டப்பி, வாங்கத்தான் ஆளில்லை. நண்டின் குச்சியோ ஒரு கைப்பிடி நாவல்பழத்துக்குக் கிடைத்தது. ஈர முகத்தில் நாலு தேய்ப்பு, பிறகு அணில் வால்முடி கட்டிய பிரஷ்ஷால் ஒரு சுழற்று. தயிர்ப்பானை கவிழ்ந்தது போல் நுரை எழும்பும். ஒரே ஒரு கெடுதல்தான். மலிவுச் சரக்கு என்பதால் சாம்பல் கொஞ்சம் தூக்கல். நுரை காய்வதற்குள் மழித்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் முடியோடு முடியாக ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எந்தக் கத்திக்கும் மசியாது.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் மரங்கொத்தி ஒரு சவரக் கடை திறக்கும்வரை. மரங்கொத்தியிடம் முகத்தைக் கொடுத்தால் முகம் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. புதுக் கடை என்றால் கூட்டம் எட்டிப் பார்க்கத்தானே செய்யும்? அதனால் நண்டு ஒரு வேலை செய்தது. வந்தவர்களை வரிசையில் உட்காரவைத்து, கழுத்துவரை தேக்கிலைத் துண்டைக் கட்டி, எல்லார் முகத்திலும் முதலிலேயே நுரையைப் பூசிவிடும். நுரையோடு எழுந்து அடுத்த கடைக்கு யார் போவார்கள்? சோப்பும் மலிவு, பூசினால் நஷ்டமில்லை. பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நண்டு தன்னையே மெச்சிக்கொண்டது.

அப்படிப்பட்ட ஒரு நாள் மத்தியானம்தான் கொம்பையன் என்ற மந்தி அங்கே மூச்சிரைக்க வந்து நின்றான்.

அவன் கதை இது. பெண்சாதி பூவாயிக்குப் பிள்ளை பிறந்த மறுநாளே, இரை தேடி மேல்மலைக்குப் போனவன். மூன்று மாதம் கழித்து அன்று காலையில்தான் திரும்பினான். முகமெல்லாம் காடு. ஆசையாகப் பிள்ளையைப் பார்க்கக் குனிந்தான். அது வீறிட்டு அலறியது. அந்தப் பக்கம் வந்தால் அலறல், இந்தப் பக்கம் வந்தால் அலறல். தன் பிள்ளை தன்னைப் பார்த்துப் பேய் என்று நினைக்கிறதே என்று கொம்பையனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அழ நேரமில்லை. இக்கரையில் தழையெல்லாம் காய்ந்துபோனதால் பொழுது சாய்வதற்குள் மந்திக் கூட்டம் முழுவதும் ஆற்றைத் தாவி அக்கரைக் காட்டுக்குப் போவதாக முடிவாகியிருந்தது. பூவாயிக்கு இரண்டு நாளாக ஒரு கை சுளுக்கு. தான் ஒருத்தி தாவுவதே பெரும்பாடு. பிள்ளையை அப்பன்தான் சுமந்தாக வேண்டும். மந்திக் குட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு யாரும் தாவ முடியாது, தாவுகிறவனுக்கு நாலு கையும் வேண்டும். குட்டிதான் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அலறிக்கொண்டு கையை விட்டால் கீழே ஆறு.

"முதல்ல போய் மூஞ்சிய மழிச்சிட்டு வாங்க. நீங்க யாருன்னு எனக்கே தெரியல, பாவம் அதுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் பூவாயி.

கொம்பையன் நண்டிடம் ஓடினான். "அண்ணே, அவசரம்ணே. பொழுது சாயறதுக்குள்ள போகணும்."

"எல்லாருக்கும் அவசரந்தான் தம்பி. உக்காரு, பூசிடுறேன்."

ஏற்கெனவே அங்கே ஒரு வெள்ளாடும் ஒரு கரடியும் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஆட்டுக்கு முகமெல்லாம் தாடி, கரடிக்குத் தலை எது தாடி எது என்றே பிரிக்க முடியாது. கொம்பையன் எங்கே உட்கார்ந்தான்? நடுவில் என்பார்கள் சிலர், ஓரத்தில் என்பார்கள் சிலர். எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான். நண்டு குச்சியைத் தேய்த்தது, பிரஷ்ஷைச் சுழற்றியது, ஒரு சுற்று சுற்றி வந்து திரும்பிப் பார்த்தது. மூன்று வெள்ளை உருண்டைகள் மூன்று இலைத் துண்டுகளுக்கு மேலே உட்கார்ந்திருந்தன.

ஆட்டுக்குக் கொம்பு இருக்குமே, கண்டுபிடிக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நுரை கொம்புக்கு மேலே ஏறியிருந்தது. கரடி பெரிய உடம்பாயிற்றே என்பீர்கள். அது ஆற்றங்கரைச் சரிவில் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது. இன்னும் என்னைக் கேட்காதீர்கள்.

"இதுல அவசரம்னு சொன்னது யாரு?" என்றது நண்டு.

"ம்," என்றது ஒன்று.

"ம்," என்றது இன்னொன்று.

"ம்ம்," என்றது மூன்றாவது. வாயைத் திறந்தால் சோப்பு உள்ளே போகுமே.

நண்டு தலையைச் சொறிந்துகொள்ளப் பார்த்தது, கையில் கத்தி இருந்தது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டது. வாடிக்கையாளர்களின் நிலைமையும் நன்றாக இல்லை. ஆடு மெதுவாக ஆற்றில் எட்டிப் பார்த்தது. தண்ணீரில் ஒரு வெள்ளை முகம். அது தானா, பக்கத்தில் இருப்பவரா என்று புரியாமல் தலையை ஆட்டிப் பார்த்தது. அதே நேரம் கரடியும் ஆட்டியது. இரண்டு முகமும் ஆடின. ஆட்டுக்குத் தான் ஆடுதானா என்பதே சந்தேகமாகிவிட்டது. கொம்பையனோ கண்ணை மூடிக்கொண்டு, கூட்டம் புறப்படும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

கேட்டது. மரத்துக்கு மரம் "ஊப், ஊப்" என்று குரல். கூட்டம் தாவத் தொடங்கிவிட்டது.

அடுத்த நிமிஷம் பூவாயி ஓடிவந்தாள், சுளுக்கிய கை தொங்க, மறு கையில் பிள்ளையோடு. வந்தவள் மூன்று வெள்ளை முகங்களைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"என்னங்க?"

"ம்," என்றன மூன்றும்.

"ஐயோ, இதுல எம்புருசன் யாருண்ணே?"

"நானும் அதத்தான் தாயி யோசிச்சுக்கிட்டு இருக்கேன்," என்றது நண்டு, பரிதாபமாக.

ஆனால் அந்தக் குழப்பத்தில் ஒரு விஷயத்தைப் பூவாயி கவனித்தாள். பிள்ளை அழவில்லை. காலையிலிருந்து அழுத பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு ஒரு வெள்ளை முகத்திலிருந்து அடுத்த வெள்ளை முகத்துக்குக் கண்ணை நகர்த்திக்கொண்டிருந்தது.

"ஒவ்வொண்ணா மழிச்சுப் பாருங்கண்ணே! சீக்கிரம்!"

நண்டு பாய்ந்தது. பக்கவாட்டில் பாய்ந்ததால் எதன்மேல் விழுந்ததோ அதை மழித்தது. இரண்டு கன்னத்தையும் சரசரவென்று வழித்து மோவாய்க்கு வந்தது.

"நிறுத்துங்க! இது ஆடு!" என்று கத்தினாள் பூவாயி.

"நான் ஆடா? அப்பாடா," என்றது ஆடு.

மோவாயை அப்படியே விட்டுவிட்டு நண்டு அடுத்ததற்குத் தாவியது. மூக்கும் வாயும் இருக்கும் இடத்தில் ஒரு இழுப்பு. வெளுத்த நீள மூக்கு வெளியே வந்தது.

"இது கரடிண்ணே!"

"மீதியையும் மழிச்சிட்டுப் போயேன்ப்பா," என்று கரடி கெஞ்சியது. யார் காதில் விழுந்தது?

மிச்சம் இருந்தது ஒன்று. நண்டு நடு முகத்தில் கத்தியை வைத்தது. நெற்றியின் கீழே, கண்ணைச் சுற்றி, மூக்கு, கன்னம், வாய். மூன்று மாதத்துக் காடு நுரையோடு விழுந்தது. நடுவிலிருந்து வழவழவென்று ஒரு கறுத்த முகம் எட்டிப் பார்த்தது. சுற்றிலும் நெற்றி மேட்டிலும் கிருதாவிலும் மோவாயிலும் வெள்ளை நுரை வட்டம்.

"இதுதான், இதுதான்!" என்று பூவாயி சிரித்தாள், அழுதாள், இரண்டில் எது என்று அவளுக்கே தெரியாது.

கொம்பையன் அசையவில்லை. அசைந்தால் பிள்ளை அலறுமோ என்று பயம். மூச்சையும் அடக்கிக்கொண்டான். அடக்கிய மூச்சு எவ்வளவு நேரம் நிற்கும்? மூக்கோரம் ஒட்டியிருந்த நுரையில் ஒரு பெரிய குமிழி எழும்பி, ஊதி, மினுமினுத்தது. பிள்ளை விரலை நீட்டித் தொட்டது. டப்பென்று உடைந்தது. பிள்ளை கெக்கெக்கே என்று சிரித்தது. சிரித்துக்கொண்டே அம்மா கையிலிருந்து நழுவி, அப்பன் நெஞ்சில் ஏறி, இரண்டு பக்கத்து நுரையையும் இரண்டு கையால் கொத்தாகப் பிடித்துக்கொண்டது.

பிறந்து மூன்று மாதம் கழித்து அப்போதுதான் கொம்பையன் பிள்ளையின் கனத்தை அறிகிறான்.

"நல்லதாப் போச்சு தம்பி. கிருதாவும் மோவாயும்தான் பாக்கி. ஒரே இழுப்பு," என்று நண்டு கத்தியை நீட்டியது.

கத்தி ஓரத்து நுரையைத் தொட்டதோ இல்லையோ, பிள்ளை அலறியது. பிடித்த கையை விட்டு உதறியது. கொம்பையன் சட்டென்று நண்டின் கையைத் தடுத்தான். கத்தி விலகியதும் பிள்ளை மறுபடி நுரையைப் பற்றிக்கொண்டு அமைதியானது.

"வேணாம்ணே. விட்டுருங்க."

"அட, என்ன பேசுற? என் குச்சியப் பத்தி உனக்குத் தெரியாதா? காஞ்சா அவ்வளவுதான். நாளைக்கு வந்து அழுதாலும் என்னால ஒண்ணும் செய்ய முடியாது. பாதிச் சவரத்தோட காலம் பூரா அலையணும். ஊரு சிரிக்கும்."

கொம்பையன் ஆற்றைப் பார்த்தான். கடைசி மந்தி அக்கரையில் இறங்கிக்கொண்டிருந்தது. கன்னத்தோரம் நுரையைப் பற்றியிருந்த சின்னக் கைகளைத் தொட்டுப் பார்த்தான்.

"சிரிக்கட்டும்ணே. எம்புள்ள கைய விடாம இருந்தாப் போதும்."

துண்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு எழுந்தான். நீர்மருதின் உச்சிக்கு ஏறி, கிளை வளைய ஓடி, தாவினான். கீழே ஆறு. காற்று முகத்தில் அடித்தது. பிள்ளை விடவில்லை. கிளை கைக்கு அகப்பட்ட பிறகும் விடவில்லை. பூவாயி பின்னாலேயே ஒற்றைக் கையால் வந்து சேர்ந்தாள். அதற்குள் காற்றுப் பட்டு நுரை சுருங்கி, இறுகி, முடியோடு முடியாகிவிட்டிருந்தது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மறுநாள் காலையில் கண் விழித்த பிள்ளை அம்மாவின் வழவழ முகத்தைப் பார்த்தது. அதைச் சுற்றி வெள்ளை எதுவும் இல்லை. யாரோ என்று நினைத்து வீறிட்டு அலறியது.

பூவாயி திகைத்துப்போனாள். மூன்று மாதம் பால் கொடுத்தவளைப் பார்த்து! நேரே இக்கரைக்குத் தாவி வந்து நண்டின் முன்னால் உட்கார்ந்தாள்.

"அண்ணே, எனக்கும் பூசுங்க."

"பூசி மழிக்கணுமா தாயி?"

"மழிக்க வேணாம். பூசி விட்டுருங்க."

நண்டு ஒரு கண்ணால் அவளையும் இன்னொரு கண்ணால் ஆற்றையும் பார்த்தது. எத்தனையோ வருஷத் தொழிலில் இப்படிக் கேட்டவர் யாருமில்லை. ஒன்றும் புரியாமலே நடு முகத்தை விட்டுவிட்டு வட்டமாகப் பூசி அனுப்பியது. அவளுக்குப் பின்னால் அவள் தங்கச்சி வந்தாள், அவள் பிள்ளையும் அழுகிறதாம். பிறகு மாமன், மச்சான், கிழவன், கிழவி என்று கூட்டம் முழுவதும் வந்தது. மூங்கில் குழாயில் இருந்த குச்சியெல்லாம் தீர்ந்தது. அந்த வட்டம் இறுகியதும் நடு முகத்தில் முடி முளைப்பதே நின்றுபோனது. அவ்வளவு வியாபாரம் நடந்தும், அதற்குப் பிறகு சவரத்துக்கு ஒரு மந்தியும் வராமல் போனது எப்படி என்று நண்டுக்கு இன்றுவரை விளங்கவில்லை. வளைக்குள் உட்கார்ந்து, ஒரு கண்ணை மட்டும் வெளியே நீட்டி, வருகிறவர் யார் யார் என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஆடு மோவாய்த் தாடியோடும், கரடி வெளுத்த மூக்கோடும் திரிவதும், மந்தியின் கறுத்த முகத்தைச் சுற்றி வெள்ளை வட்டம் நிற்பதும் அன்று தொடங்கியதுதான். இன்னொன்றும் அன்றுதான் தொடங்கியது. எந்த வீட்டிலும் அப்பா முகமெல்லாம் சோப்பு நுரையோடு கண்ணாடி முன்னால் நின்றால், எங்கிருந்தோ பிள்ளை ஓடிவந்து அண்ணாந்து பார்த்துச் சிரிக்கும், ஒரு விரலை நீட்டித் தொடும், அவர் காலைக் கட்டிக்கொண்டு, கத்தியை எடுக்கும்வரை விடாது.