நாச்சிமுத்துவின் காவி வேட்டி

பவானிக் கரையில் ஒரு சிறிய மடம். அதன் தலைவி மரகதம்மாள், துறவுக்கு முன் சாயப்பட்டறையில் இருபது வருடம் மாஸ்டராக இருந்தவர். மடத்துத் துணிகளுக்கு இன்றும் அவர்தான் காவிச் சாயம் போடுகிறார்.

சீடர் நாச்சிமுத்து அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மனைவியின் கருமாதி முடிந்த மறுநாள் வந்தவர். அங்கேயும் அழவில்லை, இங்கேயும் அழவில்லை. மூன்று மாதம் ஆகிறது.

“அம்மா, இன்னைக்கே எனக்குக் காவி குடுத்துருங்க.”

“என்ன அவசரமுங்க?”

“மத்தியானப் பஸ்ஸுல மக வர்றா, என்னைக் கூட்டிட்டுப் போக. காவியில பாத்தா ஒண்ணும் பேச மாட்டா.”

மரகதம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“அப்ப உங்க வேட்டிக்கு நீங்களே சாயம் போடுங்க. சாயத் தண்ணியில துணி, கூடவே உப்பு. உப்புதான் சாயத்தைத் துணிகிட்டக் கூட்டிட்டுப் போகும். அரைமணி நேரம் ஊறோணும். சலவைச் சோடா கடைசியில. அதுதான் ஒட்ட வெக்கும்.”

ஒட்ட வைப்பது சோடா என்றால் உப்பு எதற்கு, ஊறுவது எதற்கு? நாச்சிமுத்துவுக்கு அவசரம் வேறு. உப்பே போடாமல், சாயத்தில் சோடாவை முதலிலேயே கொட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டு மணி அடித்தது. சாப்பிட்டு வந்துதான் வேட்டியை முக்கினார். பக்கத்துத் தொட்டியில் மரகதம்மாள் ஒரு துண்டை முறைப்படி ஊறப்போட்டிருந்தார்.

இரண்டும் ஒரே நிறமாக வெளியே வந்தன. நாச்சிமுத்துவுக்கு உள்ளூர சந்தோஷம்தான்.

“இப்பக் கொதிக்கிற சோப்புத் தண்ணியில அலசுங்க.”

துண்டு கொஞ்சம் சாயம் விட்டு நின்றுவிட்டது. வேட்டி விட்டுக்கொண்டே இருந்தது. ஐந்தாவது தண்ணீரில் வடிகஞ்சி நிறத்துக்கு வந்துவிட்டது.

நாச்சிமுத்து தொட்டியடியில் குந்திவிட்டார்.

“அதே சாயம், அதே சோடா. என்னுது மட்டும் ஏனுங்க ஒட்டலை?”

“ஒட்டாம என்ன? நல்லாத்தான் ஒட்டுச்சு. சோடா விழுந்தப்ப அங்க துணி இல்லை. தண்ணிதான் இருந்துச்சு. அதோடவே ஒட்டிக்கிச்சு.”

தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. நாச்சிமுத்து வேட்டியைப் பிழிந்தபடியே இருந்தார். பிழிய அதில் ஒன்றுமில்லை.

“புதுச் சாயம் கரைச்சு, மறுபடி போடலாமுங்களா?”

“தாராளமாப் போடலாம். உப்புத்தான் இன்னும் விழலை. மககூட ஊட்டுக்குப் போயி அழுதுட்டு வாங்க.”