கழுகு மிதித்த முதுகு

ஒரு மலையடிவாரக் காட்டில் மலைச்சி என்றொரு பெண் யானை இருந்தாள். அவளுக்கு முதுகு பெரிது, பசி அதைவிடப் பெரிது, சோம்பல் இரண்டையும்விடப் பெரிது.

கோடை வந்தால் அவள் கூட்டத்து யானைகள் எல்லாம் மலை தாண்டிப் போய்விடும். மலைச்சிக்கு மலை ஏற அலுப்பு. தனியாக இங்கேயே தங்கிவிடுவாள். காட்டு விலங்குகளுக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆறு வற்றியதும் மலைச்சி மணலைக் காலால் வெட்டி, துதிக்கையால் அள்ளி, ஆழமாக ஊற்றுத் தோண்டுவாள். முதலில் அவள் குடிப்பாள். பிறகு காடே குடிக்கும். அத்தனை ஆழம் தோண்ட வேறு யாராலும் ஆகாது.

அந்த ஆண்டும் கோடை பிறந்தது. ஒரு நாள் மலைச்சி மூங்கில் தின்றுகொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் ஒரு பலாப்பழம் பழுத்து, வாசனை மூக்கைத் துளைத்தது. திரும்பி நின்று பறித்திருக்கலாம். அதற்கு நாலு காலையும் நகர்த்த வேண்டுமே! நின்ற இடத்தில் நின்றபடி இடுப்பை மட்டும் முறுக்கி, துதிக்கையைப் பின்னால் வீசி, பழத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். பழம் வந்தது. கூடவே முதுகில் சுருக்கென்று ஒரு பிடிப்பும் வந்தது.

மலைச்சி முனகிக்கொண்டே மரத்தடியில் சரிந்து படுத்தாள். பழத்தை மட்டும் விடவில்லை.

அவள் தின்று முடிப்பதற்குள் மேலேயிருந்து ஒரு நிழல் இறங்கியது. வந்தவர் மொட்டையர். தலையில் ஒரு முடிகூட இல்லாத கிழட்டுப் பிணந்தின்னிக் கழுகு. பேச்சில் மட்டும் தேன் ஒழுகும்.

"தாயி, முதுகா? நான் இருக்கேன், கவலைய விடு" என்றபடி அவள் மேல் ஏறி, வலித்த இடத்தைக் கண்டுபிடித்து, நிதானமாக மிதித்தார். உள்ளதைச் சொல்ல வேண்டும். மொட்டையர் நன்றாகவே மிதித்தார். மலைச்சிக்குக் கண் சொக்கியது.

இறங்கும்போது அவர் ஒரு பத்தியமும் சொன்னார். அசையக் கூடாது. எழுந்து நிற்கவே கூடாது. நடந்தால் முதுகெலும்பு முறிந்துவிடும். வலி தானாகப் போகும்வரை படுத்தே கிடக்க வேண்டும். இத்தனை இனிப்பான மருந்தை மலைச்சி அதுவரை கேட்டதே இல்லை. படுத்துவிட்டாள்.

விடிந்தால் மிதி, பொழுது சாய்ந்தால் மிதி. மிதிக்கும்போது சுகமாக இருந்தது. அவர் இறங்கியதும் முன்பைவிட வலித்தது. துதிக்கைக்கு எட்டிய தழையெல்லாம் தீர்ந்தது. கால்கள் கட்டையாக விறைத்தன. நாக்கு வறண்டது. "எப்போது ஐயா எழுந்திருக்கலாம்?" என்று அவள் கேட்டால், "எனக்கொன்னும் அவசரமில்ல தாயி" என்பார் மொட்டையர்.

பலாமரத்துக் கிளைகளில் இன்னும் பல கழுகுகள் வந்து உட்கார்ந்தன. யார் இவர்கள் என்று மலைச்சி கேட்டாள். உன்னை நலம் விசாரிக்க வந்த என் சொந்தக்காரர்கள் என்றார் மொட்டையர். அவளுக்கு மனம் நெகிழ்ந்துபோயிற்று.

ஆற்றில் கடைசியாக ஒரே ஒரு மடு மிஞ்சியிருந்தது. அதன் கரைப் பொந்தில் சுழிச்சி என்ற நீர்நாய் குட்டிகளோடு இருந்தாள். மடு நாளுக்கு நாள் இறங்கியது. ஊற்றுத் தோண்ட வேண்டியவளைக் காணோம். சுழிச்சி தேடிக்கொண்டு பலாமரத்தடிக்கு வந்து சேர்ந்தாள். யானை கிடந்த கோலத்தைப் பார்த்தாள். மரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"அக்கா, உன்னப் படுக்கச் சொன்னது யாரு?"

"மொட்டையர்தான். தங்கமான மனசு."

"அவரு என்ன சாப்பிடுவாரு?"

மலைச்சி பதில் சொல்ல வாய் திறந்தாள். கிளைகளில் இருந்த சொந்தக்காரர்களை மெல்ல எண்ணிப் பார்த்தாள். யானையின் உடம்பில் நடுக்கம் ஓடியதை அன்றுதான் அந்தக் காடு கண்டது.

சுழிச்சி பின்னால் போய் யானையின் பின்னங்காலை நறுக்கென்று கடித்தாள். மலைச்சி அலறினாள்.

"கத்துறியா? நல்லது. காலு சாகல. இது வெறும் பிடிப்புதான், எந்திரி."

மொட்டையர் பதறினார். முதுகு முறிந்துவிடும், மூட்டு கழன்றுவிடும் என்று சிறகை அடித்துக்கொண்டார். மலைச்சிக்கும் பயம்தான். ஆனால் மரத்தை அண்ணாந்து பார்த்தபோது முதுகுவலியைவிடப் பெரிய பயம் ஒன்று தெரிந்தது. சுழிச்சி சொன்னபடி முதலில் உடம்பைத் தொட்டில்போல இப்படியும் அப்படியும் ஆட்டினாள். விறைப்பு கொஞ்சம் இளகியது. முன்னங்காலை ஊன்றினாள். மூச்சை இழுத்து விட்டாள். பின்னங்காலை ஊன்றினாள். நின்றுவிட்டாள்!

"இழுக்கிற வலின்னா மெதுவா நட. குத்துற வலின்னா நில்லு. அவ்வளவுதான்" என்றாள் சுழிச்சி.

நின்று நின்று மடுவரை வந்து சேர்ந்தபோது அங்கே ஒரு சண்டை காத்திருந்தது. மான்கள் வழியை மறித்தன. காட்டுப்பன்றி முறைத்தது. இருப்பதே கடைசித் தண்ணீர், அதில் யானையை இறக்கிக் கலக்குவதா என்று எல்லாரும் கத்தினார்கள். சுழிச்சி அசையவில்லை.

"இந்த மடு எப்படியும் வத்தத்தான் போகுது. இவ தேறலைன்னா நம்ம எல்லாரும் அந்தக் கழுகுக்குச் சோறு. என் பிள்ளைங்க குடிக்கிற தண்ணியத்தான் நான் பணயம் வைக்கிறேன். நகருங்க."

பன்றி முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தது.

மலைச்சி மடுவில் இறங்கினாள். தண்ணீர் வயிற்றைத் தொட்டதும் மலைபோன்ற உடம்பைத் தண்ணீர் தாங்கிக்கொண்டது. பாரம் குறைந்ததும் பிடிப்பு இளகத் தொடங்கியது. ஒரு காலைத் தூக்கினாள். இறக்கினாள். இன்னொரு காலைத் தூக்கினாள். இடுப்பை மெல்ல அசைத்தாள். சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்தது.

கரையேறியதும் வெயிலில் காய்ந்த பாறைமேல் முதுகைச் சாய்த்துச் சூட்டு ஒத்தடம் எடுத்தாள். பிறகு கொஞ்சம் நடை. நிழலில் கொஞ்சம் ஓய்வு. மறுபடி தண்ணீர். தினமும் இதுதான் வேலை. சில நாள் வலி கூடும். அன்று கொஞ்சம் குறைத்துச் செய்வாள், ஆனால் ஒரேயடியாகப் படுத்துவிட மாட்டாள். ஆசை எட்டிப் பார்க்காமல் இல்லை. அப்போதெல்லாம் சுழிச்சி அவளுடைய பின்னங்காலை ஒரு பார்வை பார்ப்பாள். அது போதும்.

மடுவோ இறங்கிக்கொண்டே இருந்தது. வயிறுவரை இருந்த தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. பிறகு பாதம் நனைய மட்டும் மிஞ்சியது. நீர்நாய்க் குட்டிகள் சேற்றில் புரண்டன. விலங்குகள் எல்லாம் மலைச்சியையே பார்த்தன. கரை மரங்களுக்கு வந்துவிட்ட கழுகுகளும் அவளைத்தான் பார்த்தன.

இனிமேல் காத்திருக்க வழியில்லை. மலைச்சி காய்ந்த ஆற்றின் நடுவே நடந்தாள். மணலை முகர்ந்து ஓர் இடத்தில் நின்றாள். காலால் வெட்டினாள். துதிக்கையால் மணலை அள்ளினாள். அள்ளிய மணலைப் பின்னால் கொட்ட, பழைய பழக்கத்தில், நின்ற இடத்திலிருந்தே இடுப்பை முறுக்கப் போனாள். முதுகு சுருக்கென்றது. கரையில் எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள். மொட்டையர் ஒரு கிளை கீழே இறங்கி உட்கார்ந்தார்.

மலைச்சி நின்றாள். ஒரு மூச்சு விட்டாள். பிறகு, அந்தச் சோம்பேறி யானை, தன் வாழ்நாளில் முதன்முறையாக நாலு காலையும் நகர்த்தி முழு உடம்போடு திரும்பி மணலைக் கொட்டினாள்!

வலிக்கவில்லை.

அதன் பிறகு அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. வெட்டினாள், அள்ளினாள், திரும்பினாள், கொட்டினாள். காய்ந்த மணல் போய் ஈர மணல் வந்தது. ஈர மணல் போய்ச் சேறு வந்தது. சேற்றுக்கு நடுவே குபுகுபுவென்று தெளிந்த நீர் சுரந்தது. மலைச்சி துதிக்கையைத் தூக்கிப் பிளிறிய பிளிறலில் மலையே எதிரொலித்தது.

பன்றி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, முதலில் நீ குடி தாயே என்றது. மலைச்சி ஒரு வாய் குடித்தாள். இரண்டாவது வாய்த் தண்ணீரைத் துதிக்கையில் உறிஞ்சி நீர்நாய்க் குட்டிகள்மேல் மழையாகப் பொழிந்தாள். பிறகு காடே குடித்தது.

கழுகுகள் ஒவ்வொன்றாகப் பறந்துபோயின. மொட்டையரும் சத்தமில்லாமல் சிறகை விரித்தார்.

"எங்க போறீங்க ஐயா?" என்று மலைச்சி கூப்பிட்டாள். "மிதி நல்லாத்தான் இருந்துச்சு. ஏறி மிதிங்க. நான் நடந்துகிட்டே இருப்பேன்."

காடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுக்க முடியாமல் மொட்டையர் ஏறினார். யானை ஆடி ஆடி நடந்தாள். அவர் வழுக்கினார், சறுக்கினார், வால்பக்கமாக விழப் பார்த்துச் சிறகடித்துச் சமாளித்தார். நீர்நாய்க் குட்டிகள் சிரித்துச் சிரித்து ஊற்றுக்குள்ளேயே விழுந்தன. அப்படியே மலைச்சி ஆற்றைக் கடந்து, தன் கூட்டம் போன, தான் ஒருநாளும் ஏறாத மலைப்பாதையில் ஏறத் தொடங்கினாள்.

முதுகை மிதித்துவிடப் பிறர் கிடைப்பார்கள், எழுந்து நடக்க வேண்டியது நம் கால்தான். ஆகவே படுத்தே கிட என்று யாராவது தேனாகச் சொன்னால், அவர் சாப்பாடு என்ன என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.