ஆறிய தேநீர்

"என் ஒருத்திக்கு மட்டும் அளவாகத் தேநீர் போட எனக்குத் தெரியவில்லை, தாயே. கற்றுக்கொடுங்கள்."

மலை ஏறி வந்த மூச்சிரைப்பு அடங்கும் முன்பே யூஜென் இதைச் சொல்லிவிட்டாள். தலை முழுக்க நரைத்தவள். குகைக் கோயிலில் தனியாக வசித்த பிக்குணி ஹுயிலானுக்கு அவள் மகள் வயதுதான் இருக்கும்.

"இதுவரை எப்படிப் போட்டீர்கள், அம்மா?"

"இரண்டு பேருக்கு. என் வீட்டுக்காரர் போன பிறகும் கை இரண்டு பேருக்குத்தான் இலையை அள்ளுகிறது. இரண்டு கோப்பையில் ஊற்றுகிறது. ஒன்றை நான் குடிக்கிறேன். இன்னொன்று எதிரிலேயே இருந்து ஆறிப்போகிறது."

"பிறகு?"

"வாசலில் கொட்டிவிடுகிறேன். கொட்டும்போதெல்லாம் அவரை மறுபடியும் அடக்கம் செய்வது போலிருக்கிறது."

ஹுயிலான் எழுந்து அடுப்பைக் காட்டினாள். தேயிலை ஜாடியைக் காட்டினாள்.

"இங்கேயே தங்கிப் போட்டுப் பாருங்கள்."



பைன் விறகுப் புகையில் உலர்த்திய இலை அது. வெளியூர் வியாபாரிகள் அதைக் கறுப்புத் தேயிலை என்பார்கள். அந்த ஊயி மலைக்காரர்களுக்கு அது சிவப்புத் தேநீர். கோப்பையில் ஊற்றினால் தெரியும் நிறத்தை வைத்து அவர்கள் பேர் சொன்னார்கள்.

யூஜென் காலையில் தேநீர் போட்டாள். இரண்டு கோப்பை வந்தது.

இலையைக் குறைத்துப் பார்த்தாள். இரண்டு கோப்பையும் வெளிறிப்போய் வந்தன.

ஒரு கோப்பையை ஒளித்து வைத்தாள். கை தானாகப் போய்ச் சோற்றுக் கிண்ணத்தை எடுத்து அதில் ஊற்றியது.

"நீங்களாவது குடியுங்கள், தாயே."

"அது எனக்குப் போட்டதல்ல."

இலையுதிர் காலம் வந்தது. பனிமூட்டம் பள்ளத்தாக்கை மூடிக்கொண்டால் நாளெல்லாம் ஒன்றும் தெரியாது. கீழே ஆற்றில் மூங்கில் தெப்பம் தள்ளுகிறவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் குரல் மட்டும் மேலே வரும். யூஜென் அதைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பாள். எந்தக் குரலும் அவளைக் கூப்பிடவில்லை.

ஒரு நாள் காலையில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"இத்தனை நாளாக நீங்கள் ஒன்றுமே கற்றுத்தரவில்லை!"

ஆறிய கோப்பையை எடுத்துக்கொண்டு பாறை விளிம்புக்குப் போனாள். கொட்டப் போனவளின் மணிக்கட்டை ஹுயிலான் பிடித்துக்கொண்டாள்.

"அவர் இதை எப்படிக் குடிப்பார்?"

"அதை ஏன் கேட்கிறீர்கள்!" யூஜென்னின் குரல் உயர்ந்தது. "ஆவி பறக்கக் கொண்டுபோய் வைப்பேன். தொடமாட்டார். தெப்பத்துக்குக் கயிறு முறுக்குவார். மூங்கிலைத் தட்டிப் பார்ப்பார். எல்லாம் முடித்து, அது சில்லிட்டுப் போன பிறகுதான் வாயில் வைப்பார். சண்டை போடாத நாளில்லை."

"என்ன சொல்வார்?"

"சிரிப்பார். அவ்வளவுதான்."

 பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"கடைசி நாள் காலையிலும் அதே சண்டை. என் கையால் போட்டதை மதிக்கத் தெரியாத மனுஷன் என்று கத்தினேன். மத்தியானம் வெள்ளத்தில் தெப்பம் கவிழ்ந்தது."

ஹுயிலான் அவள் கையை விட்டாள்.

"குடித்துப் பாருங்கள்."

"இது அவருடையது."

"அவர் வரமாட்டார், அம்மா."

ஊரில் யாரும் இதை அவள் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை.

 யூஜென் அங்கேயே பாறையில் உட்கார்ந்து, ஆறிய தேநீரை உதட்டில் வைத்தாள்.

சூடாக இருக்கும்போது அந்தத் தேநீரில் புகைதான் முன்னால் நிற்கும். மூக்கிலும் தொண்டையிலும் புகை. வாழ்நாள் முழுக்க அவள் குடித்தது அதைத்தான். அதுதான் தேநீர் என்றிருந்தாள்.

இதில் புகை ஒதுங்கிப் போயிருந்தது.

கசக்கும் என்று நினைத்தாள். கசக்கவில்லை. உலர்ந்த பழத்தின் இனிப்பு மெல்ல நாக்கில் ஏறியது. விழுங்கிய பிறகு அதே இனிப்பு தொண்டையிலிருந்து திரும்பி வந்தது.

இன்னொரு வாய் குடித்தாள். இந்த முறை அவசரப்படவில்லை.

"ஒரு வார்த்தை..." என்றாள்.  "இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அந்த மனுஷன்."

 ஹுயிலான் கோப்பைக்காகக் கையை நீட்டினாள்.

"கொடுங்கள், கழுவி வைக்கிறேன்."

யூஜென் கோப்பையை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"இருங்கள். இன்னும் கொஞ்சம் இருக்கிறது."