கழுவிய நரம்பு

காஜா மைதீனின் வலது கையில் சுட்டால் அவருக்குத் தெரியாது. பரோட்டாக் கல்லில் விரல் பொசுங்கும் வாசம் எழுந்து, கடைவாசலில் நிற்கும் யாராவது கத்தினால்தான் கையை எடுப்பார். ஷட்டரின் தகடு மணிக்கட்டைக் கிழித்து நரம்பை அறுத்த நாளிலிருந்து இப்படித்தான். வேறொரு மருத்துவமனையில் ஒருமுறை தைத்துப் பார்த்தார்கள். பலிக்கவில்லை.

“கல்லு முன்னால நிக்கிறவனுக்குச் சூடு தெரியணும், டாக்டர். தெரியலேன்னா நான் மாஸ்டர் இல்ல, விறகு.”

காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து இணைக்கலாம், பாதத்தின் ஓரம் மட்டும் மரத்துப்போகும் என்று மருத்துவர் மங்கையர்க்கரசி சொன்னபோது, காஜா மைதீன் இடது கையை நெற்றிக்கு உயர்த்திக் கும்பிட்டுவிட்டார்.

“கை மரத்தது பத்தாதா? காலுமா?”

ஆகவே மங்கையர்க்கரசி வேறொரு நரம்பை வரவழைத்தார். அது இறந்துபோன ஒருவரின் கொடை.

மங்கையர்க்கரசியிடம் நரம்புத் தையல் கற்க வந்திருந்தவர் பூவலிங்கம். வயது ஐம்பது. சிவகங்கையில் ஆயிரம் வயிறுகளைத் திறந்து மூடிய கை. ஆசிரியை அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆசிரியையை மாணவர் ‘மேடம்’ என்பார். மாணவரை ஆசிரியை ‘சார்’ என்பார்.

வந்த நரம்பின் ஒரு சீவலை நுண்ணோக்கியில் பார்த்த பூவலிங்கம் நிமிர்ந்தார்.

“மேடம், இதில் உயிரணு ஒன்றுகூட இல்லை.”

“இருக்கக் கூடாது. இருந்தால் பாயின் உடம்பு அதை அந்நியன் என்று தாக்கும். அதனால்தான் கழுவியிருக்கிறார்கள்.”

“கழுவிக் கழுவி ஆளையே எடுத்துவிட்டார்களே! மிச்சம் என்ன?”

“அந்த உயிரணுக்கள் வாழ்ந்த காலத்தில் தம்மைச் சுற்றி நெய்து வைத்த உறை. கொலாஜன் அதற்குக் கட்டுக்கோப்பு. லாமினின், வளர்ந்து வரும் நரம்பிழைக்குப் பிடிமானம்.”

“பெயரெல்லாம் படித்திருக்கிறேன், மேடம். செத்தது எப்படி வழி காட்டும்?”

மங்கையர்க்கரசி வெள்ளை அங்கியைக் கழற்றி மாட்டினார்.

“வாருங்கள்.”

மருத்துவமனைக்குப் பின்னால் வைகை வறண்டு கிடந்தது. மணலில் சேலைகள் காய்ந்தன. கரையோரம் சீமைக்கருவேலம் அடர்ந்திருந்தது. இருவரும் நடு மணலுக்கு வந்ததும் ஆசிரியை நின்றார்.

“எங்கே நிற்கிறோம்?”

“வைகையில்.”

“தண்ணீரைக் காணோமே?”

“தண்ணீர் இல்லாவிட்டால் என்ன, மேடம்? வைகை வைகைதானே?”

சொன்ன வாயை மூட அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

ஆசிரியை குனிந்து தம் செருப்பில் ஏறியிருந்த முள்ளைப் பிடுங்கினார். “நாளைக்கு முதல் வேலை, முள்ளை வெட்டுவது” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

மறுநாள் காஜா மைதீனின் மணிக்கட்டைத் திறந்தபோது, பழைய தையலைச் சுற்றித் தழும்பு முட்புதராய் இறுகிக் கிடந்தது. இருபுறமும் நல்ல நரம்பு தெரியும்வரை ஆசிரியை அதை அறுத்தெடுத்தார். பிறகு அந்த இடைவெளியில் கழுவிய நரம்பை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் இரு முனைகளையும் தைத்தார்.

அந்த உறைக்குள் வளரும் புதிய நரம்பிழை எதுவரை வந்திருக்கிறதோ, அங்கே தட்டினால் விரல்களில் சுரீரென்று கூசும். ஒவ்வொரு வாரமும் பூவலிங்கம் தட்டினார். பல வாரங்களுக்கு மணிக்கட்டைத் தாண்டிக் கூச்சம் வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, தைத்த இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே தட்டியபோது காஜா மைதீன் துள்ளினார்.

“கரண்டு, டாக்டர்! கரண்டு அடிக்குது!”

பூவலிங்கம் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினார். “மேடம்! நகர்ந்திருக்கிறது! கடந்துவிட்டது!”

“சார், படியில் ஓடாதீர்கள். முட்டி என் துறை இல்லை.”

ஆனால் உள்ளங்கையின் நடுவே வந்ததும் கூச்சம் நின்றுவிட்டது. அடுத்த வாரமும் அங்கேயே. அதற்கடுத்த மாதமும் அங்கேயே. காஜா மைதீன் பேச்சைக் குறைத்துக்கொண்டார். கல்லை மைத்துனனிடம் விட்டுவிட்டு, டீ ஆற்றுவதோடு நின்றுகொண்டார்.

“திறந்து பார்த்துவிடுவோம், மேடம்!”

“திறந்தால் கத்தி எதை விட்டுப் போகும்?”

“... தழும்பை.”

“தட்டிக்கொண்டே இருங்கள்.”

ஐப்பசியில் வைகை அணையைத் திறந்தார்கள். தண்ணீர் நகருக்குள் நுழையப்போகிறது என்று கேட்டதும் ஊரே பாலத்தில் ஏறியது. பாலத்தின் முனையில்தான் காஜா மைதீனின் கடை. ஆசிரியையும் மாணவரும் கைப்பிடிச் சுவரோரம் இடம் பிடித்தார்கள்.

“அந்தா வருது!”

சருகும் நுரையும் ஒற்றைச் செருப்புமாக, காய்ந்த மணலை நக்கிக்கொண்டே வந்தது தண்ணீர். பெண்கள் குலவையிட்டார்கள். பாலத்துக்குச் சற்று முன்னே, யாரோ மணல் அள்ளிய பெரும்பள்ளம். தண்ணீர் அதற்குள் இறங்கியது. இறங்கியது வெளியே வரவில்லை.

“அட, நின்னுபோச்சே!” என்று பாலம் முழுவதும் முனகியது.

பூவலிங்கம் மட்டும் முனகவில்லை. சுவரை இறுகப் பற்றிக்கொண்டு பள்ளத்தையே பார்த்தார்.

“நிற்கவில்லை, மேடம். நிரம்புகிறது!”

பள்ளத்தின் விளிம்பில் ஒரு நாக்கு நீண்டது. பிறகு நான்கு. பிறகு முழு அகலத்துக்கும் ஆறு பாலத்தடியில் பாய்ந்தது. ஐம்பது வயது மருத்துவர் இரு விரல்களை வாயில் வைத்துச் சீழ்க்கையடித்தார்.

அப்போது முதுகுக்குப் பின்னால் ஓர் அலறல்.

“அய்யோ!”

ஊர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இவர்கள் இருவர் மட்டுமே திரும்பினார்கள். காஜா மைதீன் நின்றிருந்தார். அவர்களுக்காக எடுத்து வந்த டீ கிளாஸ் காலடியில் நொறுங்கிக் கிடந்தது. வலது கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சுடுது, டாக்டர்! விரலு அடியில சுடுது! அல்லாவே, என்னமாச் சுடுது! மச்சான், இன்னொரு கிளாஸ் கொண்டா! கொதிக்கக் கொதிக்கக் கொண்டா!”

“ஒரு கிளாஸ் போதும், பாய். கொப்புளத்துக்கு நான்தான் மருந்து போட வேண்டும்” என்றார் ஆசிரியை.

பூவலிங்கம் அந்தக் கையைத் தம் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டார். விரலின் அடியில் தட்டினார். காஜா மைதீன் துள்ளினார். மீண்டும் தட்டினார். மீண்டும் துள்ளல். இருவரும் சிரித்தார்கள், இருவர் கண்களிலும் நீர் வழிந்தது.

சிரித்து ஓய்ந்ததும் பூவலிங்கம் ஆசிரியையிடம் வந்தார்.

“மேடம், அந்த நரம்பைக் கொடுத்தவர் யார்? எந்த ஊர்? அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.”

மங்கையர்க்கரசி ஆற்றிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

“ஆளையே எடுத்துவிட்டார்கள் என்றீர்களே, சார். இப்போது யாரைத் தேடுகிறீர்கள்?”