பாதிக் கதை கீழே, மீதிக் கதை மேலே

முன்னொரு காலத்தில் ஓர் அரசவை கூடியிருந்தது. நடுவில், முதுகுக்குத் திண்டு மேல் திண்டாக முட்டுக்கொடுத்து, அரசர் சாய்ந்திருந்தார். வலப்பக்கம் அமைச்சர் திருமேனியார். இடப்பக்கம் இரண்டு விருந்தாளிகள்: எலும்பை மடக்கென்று சொடுக்கி வலியை எடுக்கும் காளத்தி வைத்தியர், உடம்பை வளைக்கவும் நீட்டவும் பழக்கி வலியை எடுக்கும் உத்தண்டி ஆசான். அரியணையின் படியில், வழக்கம்போல, விகடர் தாண்டவன்.

மலைநாட்டில் வாழ்க்கைப்பட்ட இளவரசிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அடுத்த மாதம் பெயர்சூட்டு விழா. மலைப்பாதையில் பல்லக்கு ஏறாது. குதிரையில்தான் போயாக வேண்டும். அரசருக்கோ குதிரையைப் பார்த்தாலே இடுப்பு பிடித்துக்கொண்டது.

"மகாராஜா சிரமப்பட வேண்டாம். தங்கள் சார்பில் நானே போய்ப் பெயர் சூட்டிவிடுகிறேன்," என்றார் திருமேனியார்.

"என் பேத்திக்கு நீரா?" அரசர் விகடர் பக்கம் கையை நீட்டினார். "தாண்டவா, இவ்விருவரில் ஒருவரை நீ தேர்ந்தெடு. ஆனால் என் எலும்பில் மடக்கென்று சத்தம் வரக்கூடாது. பாதி உயிர் போய்விடும். பயிற்சியும் என்னால் ஆகாது. குனி, நிமிர் என்று எவனாவது எனக்குச் சொன்னால் நாடுகடத்திவிடுவேன்!"

"விழாவுக்குள் குணமாகாவிட்டாலும் விகடருக்கு அதே தண்டனை இருக்கட்டும், மகாராஜா," என்றார் திருமேனியார். வலியில் முனகிய அரசர் தலையசைத்துவிட்டார்.

தாண்டவன் இருவரையும் ஒரே கேள்வி கேட்டான். "ஐயா, மகாராஜாவுக்கு உங்களுடைய தேவை எப்போது தீரும்?"

காளத்தி பொய் சொல்லவில்லை. "திடீர்ப் பிடிப்பு என்றால் இப்போதே தீரும். இது உட்கார்ந்து உட்கார்ந்து வந்தது. எடுத்தாலும் திரும்ப வரும். நானும் திரும்ப வருவேன்."

"சொன்னபடி செய்தால் ஒரு மாதம். அப்புறம் என் முகமே வேண்டாம்," என்றார் உத்தண்டி.

"ஆசானே இருக்கட்டும்," என்றான் தாண்டவன்.

ஆசான் அவனைத் தூணோரம் இழுத்துப் போனார். "குனியவே சொல்லக்கூடாதுன்னா நான் என்னத்தய்யா செய்ய?"

"எவ்வளவு குனியணும், எவ்வளவு நிமிரணும், அதை எனக்கு மட்டும் சொல்லும். மத்தது என் தொழில்."

மறுநாள் தாண்டவன் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். தொண்டையைப் பிடித்துக்கொண்டு, காற்றுப் போன குரலில் ஆரம்பித்தான். "ஒரு ஊர்ல ஒரு கஞ்சன், மகாராஜா. தன் கல்யாணத்துக்கே மொய் கேட்டுட்டு..."

"கேட்டுட்டு? சத்தமாகச் சொல்லேன்!"

"தொண்டை கட்டிடுச்சு, மகாராஜா."

அரசர் குனிந்தார். கஞ்சன் மணமேடை ஏறும் கட்டத்தில் தாண்டவன் எழுந்து, சரவிளக்கு ஏற்றும் ஏணியில் தானும் ஏறிக்கொண்டான். மிச்சக் கதை மேலேதான். அரசர் எழுந்து, நுனிக்காலில் நின்று, உடம்பை எட்டும் மட்டும் நீட்டிக் கேட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து தினமும் அதே கூத்து. ஆசான் கண்ணைக் காட்டினால் ஏணியில் ஒரு படி கூடும். தலையசைத்தால் ஒரு படி குறையும்.

விழா நெருங்கியது. திருமேனியார் சபையில் எழுந்தார். "மகாராஜா! தாங்கள் ஒரு நாளாவது பயிற்சி செய்ததுண்டா? ஆசான் அரண்மனைச் சோற்றைத் தின்று தூங்குகிறார். தாண்டவன் மூட்டை கட்டட்டும்!"

கையை வீசிய வேகத்தில் அவருடைய பட்டு அங்கவஸ்திரம் நழுவி விழுந்தது. பக்கத்தில் நின்ற அரசர் சட்டென்று குனிந்து எடுத்து, உதறி, அவர் தோளில் போட்டார்.

அரசர் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி குனிந்தார். நிமிர்ந்தார்.

"அடப்பாவி தாண்டவா! அந்தக் கஞ்சன் கதை..."

"தங்களை யாரும் குனியச் சொல்லவில்லையே, மகாராஜா. கதையைத்தானே சொன்னேன்."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். வாங்கக் குனிந்த தாண்டவன் பாதியிலேயே நின்றுவிட்டான். "ஐயோ! ஏணி ஏறி ஏறி என் இடுப்பு போச்சே!"

"இது திடீர்ப் பிடிப்பு. இது என் வேலை," என்று, இன்னும் விருந்தாளியாகத் தங்கியிருந்த காளத்தி பாய்ந்து வந்து பிடித்தார். மடக்! அரசர் காதைப் பொத்திக்கொண்டு இன்னும் சிரித்தார். தாண்டவன் நிமிர்ந்து மாலையைப் போட்டுக்கொண்டான். வைத்தியருக்கும் ஆசானுக்கும் பொன் முடிப்புகள் வந்தன.

"திருமேனியாரே, ஓலை எழுதும். 'மகளே, உன் தகப்பன் குதிரையில் வருகிறேன். என் பேத்திக்கு நானே பெயர் சூட்டுவேன்.'"

அமைச்சர் எழுத்தாணியை எடுத்து எழுதினார். அரசர் தாமே குனிந்து அரக்கில் முத்திரையை அழுத்தினார். ஓலையை வாங்கிய தூதன் மலைப்பாதையை நோக்கிக் குதிரையைத் தட்டிவிட்டான்.