வரியன் காட்டாத வீடு

மூடிக் கிடந்த ஓர் அரிசி ஆலையின் சுவர்ப் பொந்தில் வரியன் என்ற அணில் வாழ்ந்து வந்தது. அதன் மனைவி பெயர் பூளை. இருவருக்கும் மூன்று குட்டிகள். ஆலைக்கு முன்னால் நெடுஞ்சாலை, பின்னால் பள்ளிக்கூட மைதானம். பள்ளிக்கூடம் நடக்கும் நாட்களில் மைதானத்திலிருந்து கல் பறந்து வரும். ஆகவே அங்குள்ள பிராணிகள் விருந்தாளிகளைச் சனி, ஞாயிறில்தான் கூப்பிடும்.

ஒருநாள் சாலையோரம், மலைக்குத் திரும்பும் ஒரு பலாப்பழ லாரி நின்றது. அதன் தளத்தில் சிந்திக் கிடந்த சுளைகளைத் தின்னலாம் என்று வரியன் அதில் ஏறியது. வயிறு முட்டத் தின்றது. கண் சொருகியது. சாக்குக்கு அடியில் படுத்துத் தூங்கிவிட்டது. விழித்துப் பார்த்தால் லாரி மலைமேல் நிற்கிறது!

அன்றே மழை பிடித்துக்கொண்டது. மண் சரிந்து பாதை அடைபட்டது. குளிரில் வெடவெடத்துக்கொண்டிருந்த வரியனை செம்பன் என்ற மலை அணில் பார்த்தது. மலை அணில் என்றால் சும்மாவா? வரியனைப் போல் பத்து மடங்கு பெரிது. வால் மட்டுமே ஒரு முழம்.

"யாரப்பா நீ? இப்படி நனையிறியே! வா, வா, வீட்டுக்கு வா!" என்று செம்பன் அதைத் தன் கூட்டுக்கு அழைத்துப் போனது.

உயர்ந்த மரத்தின் உச்சியில் பெரிய கூடை கவிழ்த்தது போல் இருந்தது அந்தக் கூடு. செம்பனின் மனைவி மாதுளி உள்ளே பஞ்சு போன்ற பாசியைப் பரப்பி வரியனுக்கு இடம் கொடுத்தது. மழைக்காலம் முழுவதும் சொந்தத் தம்பியைப் போல் பார்த்துக்கொண்டது. பாதை சரியானதும் வரியன் கண் கலங்க விடைபெற்றது.

"அண்ணே! அண்ணி! நீங்க ஒரு தடவை எங்க ஊருக்கு அவசியம் வரணும்!"

வரியன் ஊர் திரும்பிய சில நாளில், செம்பனும் மாதுளியும் நிஜமாகவே வரப்போகிறார்கள் என்று சேதி வந்தது! லாரியோடு மலைக்குப் போய்வரும் ஒரு மைனாதான் சேதி கொண்டுவந்தது. சனிக்கிழமை காலைப் பலாப்பழ லாரியில் வருவார்களாம். ஞாயிற்றுக்கிழமை மாலை அதே லாரியில் திரும்புவார்களாம்.

பூளைக்குத் தலைகால் புரியவில்லை. பொந்தைக் கூட்டியது. தேங்காய் நார் பொறுக்கி வந்து மெத்தென்று பரப்பியது. கொய்யா, நாவல், வேர்க்கடலை என்று தேடித் தேடிச் சேர்த்தது. குட்டிகளைத் தொடவிடவில்லை.

"பெரியம்மா பெரியப்பா வந்த பிறகுதான்! கையை எடு!"

வரியன் மட்டும் பொந்தின் வாசலில் உட்கார்ந்து உள்ளே பார்த்தது. காரை பெயர்ந்த சுவர். தலைக்கு மேல் துருப்பிடித்த தகரம். கிழிந்த சாக்குத் துண்டு ஒன்று திரையாகத் தொங்கியது. மலை உச்சியில் தான் படுத்திருந்த கூடு அதன் நினைவுக்கு வந்தது. மனம் சுருங்கிப் போயிற்று.

'இதையா அண்ணிக்குக் காட்டுவேன்? அவர்கள் உடம்பை நுழைக்கக்கூட இடம் இல்லையே! ஊரைச் சுற்றிக் காட்டியே இரண்டு நாளையும் ஓட்டிவிட வேண்டியதுதான்' என்று முடிவு செய்தது.

சனிக்கிழமை லாரி வந்து டீக்கடை முன்னால் நின்றது. செம்பனும் மாதுளியும் புளியமரத்துக்குத் தாவின. வரியன் ஓடிப் போய்க் கட்டிக்கொண்டது.

"வீடு எங்க தம்பி? பூளை எப்படி இருக்கா?" என்று மாதுளி கேட்டது.

"எல்லாரும் சுகம் அண்ணி! வீடு எங்கே ஓடிப் போகுது? முதல்ல ஏரியைப் பார்ப்போம், வாங்க!"

ஏரியைக் காட்டியது. மதகைக் காட்டியது. மதகில் தண்ணீர் பாயும் இடத்தில் நாரைகள் வரிசையாக நிற்பதைக் காட்டியது. கடலைக் கொல்லைக்குக் கூட்டிப் போய்ப் பச்சைக் கடலை தின்னக் கொடுத்தது. கோயில் கோபுரத்தில் ஏற்றி, "அதோ பாருங்க ரயில்! அதோ செங்கல் சூளை!" என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனது.

மலை அணில்களுக்குத் தரையில் நடந்து பழக்கமில்லை. மரத்துக்கு மரம் தாவியே வளர்ந்தவை. இங்கேயோ ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவே வெயிலில் காய்ந்த வெட்டவெளி. மாதுளி மூச்சு வாங்கியது. ஆனாலும் தம்பி இவ்வளவு ஆசையாகக் காட்டும்போது முகம் சுளிக்கலாமா? "நல்லா இருக்கு தம்பி, நல்லா இருக்கு!" என்றது.

சாயங்காலம் இருவரையும் ஏரிக்கரை ஆலமரத்தில் தங்கவைத்துவிட்டு வரியன் மட்டும் வீடு திரும்பியது. பூளை பழங்களை எடுத்து வைத்துக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தது.

"எங்கே அவங்க?"

வரியன் நாக்கூசாமல் ஒரு பொய் சொன்னது. "அவங்களுக்குப் பொந்தெல்லாம் பழக்கமில்லை பூளை. மரத்துலதான் தூக்கம் வருமாம்."

பூளை எடுத்து வைத்த பழங்களை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டு போனது. நம் வீடு அவர்களுக்குப் பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டது. அதன் முகத்தைப் பார்க்க வரியனால் முடியவில்லை.

மறுநாள் காலை வரியன், செம்பன், மாதுளி மூவரும் நகரத்துக்குப் புறப்பட்டார்கள். வாழை இலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு ஒரு பேருந்து போனது. அதன் கூரையில் தொற்றிக்கொண்டார்கள்.

"இன்னைக்குப் பாருங்க அண்ணே! ரயில் நிலையம், மணிக்கூண்டு, பூங்கா, மார்க்கெட்டு! ஒண்ணு விடாம பார்த்துடலாம்!"

வெயில் ஏறியது. ரயில் நிலையத்தின் தகரக் கூரை அடுப்பில் வைத்த தோசைக்கல் போல் காய்ந்தது. வரியன் துள்ளித் துள்ளி ஓடியது. மாதுளியின் பாதங்கள் கொப்பளித்துவிட்டன. மணிக்கூண்டில் ஏறும்போது அது இரண்டு முறை நின்றது.

"தம்பி, கொஞ்சம் நிழலா ஒரு இடத்துல உட்காரலாமா?" என்று செம்பன் கேட்டது.

"இதோ, மார்க்கெட்டு மட்டும் பார்த்துடலாம் அண்ணே! அதைப் பார்க்காம போனா ஊரைப் பார்த்ததே ஆகாது!"

மார்க்கெட்டில் ஒரு கடைக்கும் எதிர்க்கடைக்கும் நடுவே ஒரு கம்பி போனது. வரியன் ஒரே ஓட்டமாகக் கடந்துவிட்டது. பின்னால் வந்த மாதுளிக்குப் பாதி வழியில் தலை சுற்றியது. பிடி நழுவியது. பூக்கடைப் பந்தலில் விழுந்து, அங்கிருந்து சரிந்து, தரைக்கு வந்துவிட்டது!

கடைக்கு அடியில் படுத்திருந்த ஒரு நாய் எழுந்தது.

"மாதுளி! ஏறு! ஏறு!" என்று செம்பன் அலறியது. மாதுளி எழுந்திருக்கப் பார்த்தது. கால்கள் கேட்கவில்லை.

வரியன் யோசிக்கவே இல்லை. எதிர்க்கடையிலிருந்து பந்தலுக்குத் தாவி, அங்கிருந்து நேராக நாயின் முதுகில் குதித்தது! காதை ஒரு கடி கடித்தது. "டேய் சோம்பேறி! முடிஞ்சா என்னைப் பிடிடா!" என்று கத்திக்கொண்டு கரும்புச்சாறு வண்டிக்கு அடியில் புகுந்தது. நாய் துரத்தியது. முட்டைக்கோஸ் குவியலைச் சுற்றி, தள்ளுவண்டிச் சக்கரங்களுக்குள் நுழைந்து, வெங்காய மூட்டை மேல் ஏறி வரியன் ஓடியது. நாயின் மூச்சு அதன் வாலில் பட்டது. கடைசியில் ஒரு தண்ணீர்க் குழாயைப் பிடித்து மேலே ஏறியபோது அதன் உயிர் தொண்டைக்குழியில் இருந்தது.

அதற்குள் செம்பன் மாதுளியைப் பந்தல் காலில் தள்ளித் தள்ளி மேலே ஏற்றிவிட்டது.

ஊருக்குத் திரும்பும் பேருந்தின் கூரையில் மூவரும் படுத்துக் கிடந்தார்கள். மாதுளி கண்ணைத் திறக்காமலே கேட்டது.

"தம்பி, உன் வீட்டுக்குப் போலாமா? கொஞ்ச நேரம் படுக்கணும்."

வரியன் அழுதுவிட்டது.

"அண்ணி, என் வீடு வீடு மாதிரியே இருக்காது. பழைய சுவத்துல ஒரு ஓட்டை. நீங்க ரெண்டு பேரும் உள்ளேகூட வர முடியாது. உங்க கூட்டைப் பார்த்த கண்ணால அதைப் பார்க்கவே எனக்கு வெட்கமா இருந்துச்சு. அதான் ஊரெல்லாம் இழுத்தடிச்சேன். பூளைகிட்டயும் பொய் சொல்லிட்டேன்!"

செம்பன் எழுந்து உட்கார்ந்தது.

"மழைக்காலம் முழுக்க நீ என்னடா பேசினே? ஏரியைப் பத்திப் பேசினியா? மணிக்கூண்டைப் பத்திப் பேசினியா? 'என் பூளை, என் குட்டிங்க'ன்னு அதையேதானே சொல்லிக்கிட்டிருந்தே! அவங்களைப் பார்க்கத்தான்டா நாங்க மலையை விட்டு இறங்கினோம்!"

வரியன் ஆலை வந்ததும் முதல் ஆளாகக் குதித்தது.

"பூளை! பூளை! அண்ணியும் அண்ணனும் வந்திருக்காங்க! நேத்து நான் சொன்னது பொய்! தப்பு என்மேலதான்!"

பூளை வெளியே வந்தது. புருஷனைப் பார்த்து முறைத்தது. ஆனால் மாதுளியின் பாதங்களைப் பார்த்ததும் கோபத்தை ஒத்திவைத்துவிட்டது.

"ஐயோ, என்ன அக்கா இது! நில்லுங்க, நடக்காதீங்க!"

சாக்குத் திரையைப் பிய்த்து நனைத்துக் கொண்டுவந்து பாதங்களில் சுற்றியது. உள்ளே பரப்பியிருந்த தேங்காய் நார் முழுவதையும் வாரிப் பொந்தின் வாசலில், சுவரின் நிழலில் போட்டது. வரியன் பயந்தது சரிதான். மாதுளியின் தலை மட்டும்தான் பொந்துக்குள் போனது. உடம்பு முழுவதும் வெளியே கிடந்தது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பூளை ஊட்டிய கொய்யாவை மென்றுகொண்டே மாதுளி தூங்கிப் போனது. அதன் பெரிய வாலில் குட்டிகள் ஏறி ஏறிச் சறுக்கின.

செம்பன் பூளையிடம் மலைக் கதைகளைச் சொன்னது. வரியன் பாசியில் வழுக்கி விழுந்த கதையைக் கேட்டுப் பூளை விழுந்து விழுந்து சிரித்தது. அந்த இரண்டு நாளில் அது சிரித்தது அப்போதுதான்.

சாலையில் ஹாரன் சத்தம் கேட்டது. பலாப்பழ லாரி!

வரியன் பதறி எழுந்தது. "அண்ணே, லாரி! லாரி கிளம்பிடும்! நாளைக்குப் பள்ளிக்கூடம், கல் பறக்கும்! அண்ணியை எழுப்புங்க!"

"உஷ்! கத்தாதே, தூங்கறா" என்றது செம்பன். "கல் வந்தா ஒதுங்கிக்குவோம். அடுத்த சனிக்கிழமையும் லாரி வருமில்ல? இப்பதானேடா உன் வீட்டுக்கு வந்திருக்கோம்!"

லாரி கிளம்பிப் போய்விட்டது. பூளை அடுத்த கொய்யாவை எடுத்துச் செம்பனிடம் நீட்டியது.

சிறிய வீடு என்று வெட்கி வாசலை மறைப்பவன், தன்னைத் தேடி வந்த அன்பையே வெளியில் நிற்க வைக்கிறான்.